துவைத்து அனுப்பிய கோட்டு

மகள் மேடையில் நின்றிருந்தாள். அவள் கையில் மடித்த நீலத் துணி ஒன்று இருந்தது. அவள் அதை உதறிப் பிரித்து, இரண்டு தோள்களையும் பிடித்துத் தூக்கிக் காட்டியபோதுதான் ராமலிங்கத்துக்கு அது என்னவென்று தெரிந்தது. செல்போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். அவர் மனைவி சம்பூர்ணத்தின் கோட்டுதான். மேலிருந்து இரண்டாவது பட்டன் மட்டும் மற்றதைவிட நீலம் தூக்கலாகத் தெரிந்தது. அது அவர் வைத்துத் தைத்த பட்டன்.

எழிலரசி பிரான்ஸில், மோன்பெலியே என்ற ஊரில், முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். அங்கே வருஷத்துக்கு ஒருமுறை ஒரு போட்டி வைக்கிறார்களாம். வருஷக்கணக்கில் செய்த ஆராய்ச்சியை மூன்றே நிமிஷத்தில், அந்தப் படிப்பைப் பற்றி ஒன்றும் தெரியாத ஊர் ஜனங்களுக்கு விளங்குகிற மாதிரி, அவர்கள் பாஷையிலேயே சொல்ல வேண்டும். பின்னால் ஒரே ஒரு படமும், கையில் ஒரு பொருளும் காட்டலாம். அவ்வளவுதான். "முடிஞ்சா பாருப்பா. புரியாது. சும்மா பாரு" என்று சொல்லி, அதைப் பார்க்கிற வழியைப் போனுக்கு அனுப்பியிருந்தாள்.

அதனால் அன்று சாயந்திரம் தையல் மெஷினை மூடிவைத்துவிட்டு அதன் பலகைமேலேயே போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாதனூருக்கு அந்தப் பக்கம் ஒடுகத்தூர் சாலையில் இருக்கிற சின்ன ஊர் அது. வீட்டில் அவரைத் தவிர யாரும் இல்லை. மகள் பேசப் பேச, ஆற்று மணலில் தண்ணீர் ஓடுவதுபோல அந்தப் பாஷை நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. பிடிக்கக் கிடைத்தவை இரண்டே வார்த்தைகள். ஒன்று ஆம்பூர். இன்னொன்று சம்பூர்ணம்.

சம்பூர்ணம் என்று சொல்லி இன்னும் ஏதோ ஒரு வாக்கியம் சொன்னாள். அரங்கமே சிரித்தது.

ராமலிங்கம் ஒன்றும் நினைக்கவில்லை, முதலில். பிறகு மகள் கோட்டைத் தூக்கிக் காட்டினாள். மூக்குக்குக் கொண்டுபோய் முகர்ந்து காட்டினாள். ஏதோ சொன்னாள். இந்தத் தடவை சிரிப்பு வந்து நிற்கவே இல்லை. முன்வரிசையில் ஒரு கிழவர் தொடையில் தட்டிச் சிரித்தது கேமராவில் விழுந்தது. ராமலிங்கம் போனைக் கவிழ்த்துப் பலகைமேல் வைத்தார். கவிழ்ந்த போனுக்குள்ளே மகளின் குரல் இன்னும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தது. அப்புறம் கைதட்டல் கேட்டது.

அவர் எழுந்து போய் உலை வைத்தார். ஒரு ஆளுக்கு அரிசி போடுவது அவருக்கு இன்னும் சரியாக வரவில்லை. ஒன்று மிஞ்சும், இல்லை பற்றாது.

*

சம்பூர்ணம் இருபது வருஷத்துக்குக் கிட்ட ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில், தோல் பதனிடுகிற தொழிற்சாலையில், வேலை செய்தாள். பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டுக் கட்டுக்கட்டாக வரும். அதைப் பிரித்து, ஒவ்வொன்றாகத் தூக்கி, உப்பை உதறிப் போட வேண்டும். பதப்படுத்துவதற்கு முன்னால் செய்கிற வேலை அது. செருப்புக் கடையில் வருகிற தோல் வாசனை வேறு. இது ரத்தமும் உப்பும் அழுகலும் சேர்ந்த வாடை. சேலையில் ஏறும், மயிரில் ஏறும், நகக்கண்ணில் ஏறும். குளித்தாலும் மறுநாள் மத்தியானம் வியர்க்கும்போது உடம்புக்குள்ளிருந்தே வருவதுபோல வரும்.

ராமலிங்கம் வீட்டிலேயே தையல் போட்டவர். ஆம்பூர் பஜாரில் துணி எடுத்து, தைத்து, டிவிஎஸ் வண்டியில் மூட்டை கட்டிக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார். வீடு முழுக்க ஊரார் துணி. கல்யாணத்துக்குத் தைக்கிற சட்டையில் தோல் ஷாப் வாடை அடித்தால் அப்புறம் யார் கொடுப்பார்கள்? அதனால் சம்பூர்ணம் வேலை விட்டு வந்ததும் தெருவாசல் வழியாக வரமாட்டாள். சந்து வழியாகப் பின்பக்கம் போய், ஷாப்பில் சேலைமேல் போட்டுக்கொள்கிற கோட்டை வெளிச்சுவர் ஆணியில் மாட்டிவிட்டு, குழாயடியில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, கொடியில் கிடக்கும் வேறு சேலையைக் கட்டிக்கொண்டுதான் உள்ளே வருவாள். இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. வேலைக்குப் போன புதிதில் அவளாக ஆரம்பித்தது. அப்படியே நின்றுவிட்டது.

வண்டியில் ஏறு என்று சில நாள் அவர் கூப்பிட்டிருக்கிறார். "நீ முன்ன போ. மூட்டை மேல வாடை ஏறிடும். எனக்கு பஸ்ஸு இருக்குது" என்பாள். அவரும் போய்விடுவார்.

போன மார்கழியில் ஒருநாள் விடிகாலை, வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் அதே குழாயடியில் விழுந்தாள். வேலூர் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. எழிலரசி விமானம் ஏறி வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். காரியம் முடிந்து உறவுக்காரப் பெண்கள் வீட்டையெல்லாம் அலசி விட்டார்கள். சேலைகளைத் துவைத்து, இருந்தவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். பின்சுவர் ஆணியில் தொங்கிய கோட்டை மட்டும் யாரும் தொடவில்லை. யாருக்கு வேண்டும் அது? எழிலரசிகூட அப்போது அதைக் கவனிக்கவில்லை. வந்தாள், அழுதாள், இருந்தாள், போனாள்.

சித்திரையில் ஒருநாள் போன் செய்தாள்.

"அப்பா, அம்மாவோட கோட்டு இருக்குதா? ஷாப்பு கோட்டு."

"இருக்கும்மா. பின்னாடி ஆணியில."

"அத எனக்கு கொரியர்ல அனுப்பறியா?"

"அத இன்னாத்துக்கும்மா?"

"வேணும்பா. ஆராய்ச்சிக்கு. நல்லா பிளாஸ்டிக் கவர்ல போட்டு, காத்து போகாத மாதிரி இறுக்கக் கட்டி அனுப்பு."

"சரிம்மா."

காற்று போகாமல் கட்டச் சொல்கிறாள் என்றால், வாடை வெளியே வந்து கொரியர்காரன் திருப்பி அனுப்பிவிடுவான் என்று பயப்படுகிறாள். ராமலிங்கத்துக்கு அப்படித்தான் தோன்றியது. அந்த வாடையோடு ஒரு துணியைப் பிரான்ஸுக்கு அனுப்புவதா? அங்கே அவளோடு வேலை செய்கிற வெள்ளைக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிற காட்சி கண்முன் வந்தது. அன்று மத்தியானமே வெந்நீர் வைத்து, சோடா போட்டுக் கோட்டை ஊறவைத்தார்.

ஊறவைப்பதற்கு முன் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். கொஞ்சம் உப்பு கொட்டியது. தரையில் விழுந்த உப்பைக் காலால் தள்ளி, தண்ணீர் ஊற்றிச் சாக்கடைக்கு விட்டார்.

முதல் தண்ணீர் பழுப்பாக வந்தது. இரண்டாவது தடவை சோப்புப் போட்டு அடித்தார். முகர்ந்து பார்த்தார். இருந்தது. பூந்திக்கொட்டை வாங்கிவந்து ஊறவைத்து மறுபடி அலசினார். நல்ல வெயிலில் உள்பக்கம் வெளிப்பக்கம் என்று மாற்றி மாற்றிக் காயவைத்தார். பிய்ந்திருந்த பாக்கெட்டை நூல் தெரியாமல் தைத்தார். இல்லாத பட்டனுக்கு வேறு பட்டன் தேடிவைத்தார். காலருக்குக் கஞ்சி போட்டு, தையல்காரனுக்கே உரிய கவனத்தோடு மடிப்பு மடிப்பாகத் தேய்த்து, இரண்டு பூச்சி உருண்டை உள்ளே போட்டுக் காற்று போகாமல் கட்டினார். செத்துப்போனவளுக்குக் கடைசியாகச் செய்கிற வேலை என்ற நினைப்பு அவருக்கு இருந்தது. நன்றாகச் செய்தோம் என்ற திருப்தியும் இருந்தது.

போய்ச் சேர்ந்ததா என்று பத்து நாள் கழித்து அவரே போன் செய்தார். "வந்துச்சுப்பா" என்றாள். "நல்லா இருந்துச்சாம்மா?" என்றார். "இருந்துச்சுப்பா. வேலை இருக்குது, அப்புறம் பேசறேன்."

அன்றிலிருந்துதான் அவள் பேச்சு குறைந்தது. முன்பெல்லாம் சாப்பிட்டியா, இன்னா கொழம்பு, பக்கத்து வீட்டு மாடு கன்னு போட்டுச்சா என்று வளவளவென்று கேட்பாள். இப்போது சனிக்கிழமை சாயந்திரம் போன் வரும். மாத்திரை போட்டியா, சரிப்பா, வைக்கிறேன். ஏதோ தப்பு நடந்திருக்கிறது, அது கோட்டில்தான் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. என்ன தப்பு என்றுதான் தெரியவில்லை. பட்டன் நிறம் ஒத்துப்போகாததாலா? அதற்கெல்லாமா ஒரு பெண் பேச்சைக் குறைத்துக்கொள்வாள்?

இப்போது அந்தக் கோட்டையே அத்தனை பேர் முன்னால் தூக்கிக் காட்டியிருக்கிறாள். அம்மா பேரைச் சொல்லியிருக்கிறாள். அவர்கள் சிரித்திருக்கிறார்கள்.

அந்த வாரம் சனிக்கிழமை போன் வந்தபோது மெதுவாகக் கேட்டுப் பார்த்தார்.

"நல்லா பேசுனியேம்மா. எல்லாரும் சிரிச்சாங்க போல."

"ஆமாப்பா. சும்மா ஒரு ஜோக்கு."

"இன்னா ஜோக்கு?"

"தமிழ்ல சொன்னா நல்லா இருக்காதுப்பா. மாத்திரை போட்டியா?"

போட்டேன் என்றார். போடவில்லை.

*

முனீர் அகமது ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் முப்பது வருஷம் வெளிநாட்டு ஆர்டர் பார்த்தவர். பிரான்ஸிலிருந்து வருகிற வியாபாரிகளோடு பேசிப் பேசியே அந்தப் பாஷையைக் கற்றவர். கம்பெனிச் செலவில் பாரீஸுக்கும் போய்வந்திருக்கிறார். இப்போது ஓய்வுபெற்று வீட்டோடு இருக்கிறார். அவருடைய ஜிப்பா, பைஜாமா எல்லாம் ராமலிங்கம்தான் தைப்பார். இந்தத் தடவை அளவெடுக்கப் போனபோது டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சும்மாவே நின்றார்.

"இன்னா மாஸ்டர், அளவு எடுக்காம மூஞ்சிய பாக்கறீங்க? தொப்பை ஜாஸ்தி ஆய்டுச்சா?"

"அதில்ல பாய். உங்களால ஒரு உதவி. எம்பொண்ணு பிரெஞ்சுல பேசுனது போன்ல இருக்குது. இன்னா சொல்லுச்சுன்னு கேட்டுச் சொல்லணும்."

முனீர் அகமதுவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அட, குடுங்க குடுங்க. எத்தினி வருசமாச்சு பிரெஞ்சு கேட்டு! ஆனா ஒண்ணு மாஸ்டர். எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சு எல்லாம் கலர் கம்மி, ஷிப்மென்ட் லேட்டு, காசு கட்டு, இதான். அவனுங்க நம்மள திட்டுறது அத்தனையும் தெரியும். படிச்ச பொண்ணு மரியாதையா பேசுனா புரியுமோ புரியாதோ."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை மடியில் வைத்துக் கேட்டார். கொஞ்ச நேரம் தலையை ஆட்டினார். சம்பூர்ணம் என்ற பேர் வந்தது. அடுத்த நொடி, அரங்கத்தோடு சேர்ந்து அவரும் பலமாகச் சிரித்துவிட்டார்.

ராமலிங்கம் டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்தார். "நான் கெளம்பறேன் பாய்."

"ஏன், இன்னாச்சு?"

"செத்துப்போனவ. வயித்துக்காக அந்த வேலைக்குப் போனா. அவள சொல்லி எம்பொண்ணே ஊரைச் சிரிக்க வச்சிருக்கா. நீங்களும் சிரிக்கிறீங்க."

"யா அல்லா! ஒக்காருங்க மாஸ்டர். ஒக்காருங்கன்றேன். முழுசா கேக்காம பேஜார் பண்ணாதீங்க."

மிச்சத்தையும் கேட்டார் முனீர் அகமது. இரண்டாவது சிரிப்பு வந்தபோது அவர் சிரிக்கவில்லை. ராமலிங்கத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி போனைப் பார்த்தார். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றி ஜிப்பா முனையால் துடைத்தார். அது துடைத்து முடிகிற மாதிரித் தெரியவில்லை.

"டீ சாப்பிடறீங்களா மாஸ்டர்?"

"சொல்லுங்க பாய்."

"சரி. நிறுத்தி நிறுத்திப் போடறேன். எனக்குத் தெரிஞ்ச தமிழ்ல சொல்றேன்."

முதலிலிருந்து ஓடவிட்டார்.

"மொதல்ல இன்னா சொல்லுதுன்னா, உங்க ஊர்ல தோல் வாசனைன்னா பணக்கார வாசனை. சின்ன பாட்டில்ல அடைச்சு விக்கிறீங்க, காசு குடுத்து வாங்கிக் கழுத்துல பூசிக்கிறீங்க. எங்க ஊர் ஆம்பூர். எங்க ஊர்லயும் தோல் வாசனை இருக்குது, ஆனா யாரும் அத பூசிக்கிறதில்ல, அதுவா வந்து பூசிக்கும். அப்டின்னுது." முனீர் அகமது விரலால் போனைத் தொட்டு நிறுத்தினார். "இப்ப அந்த எடம் வருது. கேளுங்க. எங்கம்மா பேரு சம்பூர்ணம். தோல்ல உப்பு உதறுற வேலை. தெனமும் பஸ்ல வீட்டுக்கு வருவாங்க. பஸ்ல எவ்ளோ கூட்டம் இருந்தாலும் அம்மா பக்கத்துல யாரும் ஒக்கார மாட்டாங்க. அம்மா வீட்டுக்கு வந்து எங்கிட்ட சொல்லுவாங்க, ஜனங்க ஒரு சீட்டுக்கு அடிச்சிக்கிறாங்க, எனக்கு கெவுருமெண்ட்டு ஒரு டிக்கெட்டுக்கு ரெண்டு சீட்டு குடுக்குது, நான் மகாராணிடீ, அப்டின்னு."

ராமலிங்கம் சட்டைப்பையிலிருந்த டேப்பை எடுத்து விரலில் சுற்றினார்.

"அதுக்குத்தான் சிரிக்கிறாங்க மாஸ்டர். உங்க வீட்டம்மா சொன்ன ஜோக்குக்கு. இது பொண்ணு கட்டுனது இல்ல."

அவருக்கு அந்த ஜோக் தெரியாது. இத்தனை வருஷத்தில் சம்பூர்ணம் ஒருநாள்கூட அவரிடம் அதைச் சொன்னதில்லை. பின்பக்கம் குளித்துக்கொண்டிருக்கும்போது தாயும் மகளும் ஏதோ பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்கும். மெஷின் ஓடுகிற சத்தத்தில் என்ன பேச்சென்று விழாது. அவரும் போய்க் கேட்டதில்லை.

"அப்புறம் ஆராய்ச்சி." முனீர் அகமது மறுபடி ஓடவிட்டார். "வாடைன்றது ஒரே பொருள் கிடையாதாம். கண்ணுக்குத் தெரியாத நூறு பொருள் சேந்ததாம். கொஞ்சம் தண்ணியில போய்டுமாம். கொஞ்சம் நூலுக்குள்ள பூந்து ஒக்காந்துக்குமாம், எறங்கு எறங்குன்னாலும் எறங்காத பாசஞ்சர் மாதிரி. எது எறங்குது, எது எறங்கல, எந்தத் துணி கெட்டியா புடிச்சிக்குது, இதத்தான் பொண்ணு பாக்குது. வாடைய விட்டுடற மாதிரி ஒரு துணி கண்டுபுடிச்சி வேலைக்காரங்களுக்குக் கோட்டு தச்சா, அம்மா மாதிரி இருக்கறவங்க பக்கத்துல பஸ்ல யாராச்சும் ஒக்காருவாங்க. அப்டின்னு சொல்லுது."

அடுத்து கோட்டைத் தூக்குகிற இடம். முனீர் அகமது விரலைப் போன்மேலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க பாய். என்னப் பத்தியா?"

"ஆமா மாஸ்டர்." விரலை எடுத்து ஓடவிட்டார். "எத்தினியோ பேரு கோட்ட வாங்கி ஆராய்ச்சி பண்ணேன். அம்மா போனதுக்கு அப்புறம் அம்மாவோட கோட்டு வேணும்னு தோணுச்சு. ஆராய்ச்சிக்குன்னு அப்பாகிட்ட பொய் சொன்னேன். ஒரு தடவ மோந்து பாக்கணும், அவ்ளோதான். காத்து போகாம கட்டி அனுப்புன்னு சொன்னேன். தொவைக்காதேன்னு சொல்ல மறந்துட்டேன். எங்கப்பா டெய்லரு. கவரைப் பிரிச்சா, கோட்டு கல்யாணத்துக்குப் போற மாதிரி வந்திருக்குது. கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, புதுப் பட்டன் வச்சி, பூச்சி உருண்டை போட்டு. நாலு வருசமா ஒரு ஆராய்ச்சிக் கூடமே சேந்து எடுக்க முடியாத வாடைய எங்கப்பா ஒரே மத்தியானத்துல எடுத்துட்டாரு. பட்டத்த அவருக்குத்தான் குடுக்கணும். அப்டின்னுது. அதுக்குத்தான் அந்தச் சிரிப்பு."

வெளியே பள்ளிவாசல் பக்கம் யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள்.

"அவ்ளோதானா?" என்றார் ராமலிங்கம்.

"இல்ல. நீங்க முழுசா பாக்கலியா?"

"போனைக் கவுத்து வச்சிட்டேன்."

முனீர் அகமது போனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். மகளுக்குப் பின்னால் பெரிய திரையில் ஒரு படம் வந்திருந்தது. வெள்ளையில் ஒரே ஒரு கறுப்புக் கோடு. தரைமாதிரி நேராகப் போய், கடைசியில் ஒரு இடத்தில் மட்டும் சின்னதாக மேடு தட்டி, மறுபடி நேராகப் போனது. அரங்கத்தில் இப்போது சத்தமே இல்லை.

"அன்னிக்கி ராத்திரி அழுதேன்னு சொல்லுது. எந்த வாடைய ஒழிக்கணும்னு வேலை செய்யிறனோ அது இல்லியேன்னு அழுதேன். அப்புறம் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. டெய்லர் பொண்ணுக்குத் தெரியும், காலருக்குள்ள கேன்வாஸ் இருக்கும், எவ்ளோ தொவச்சாலும் அதுக்குள்ள முழுசா தண்ணி பூராது. காலரோட ஓரத்த ஒரு எடத்துல மட்டும் பிரிச்சி, உள்ள இருந்து ஒரு நூல எடுத்து வாடைய அளக்குற மெஷின்ல வச்சேன். என் மூக்குக்கு ஒண்ணும் தெரியல. மெஷினுக்குத் தெரிஞ்சது. இந்தச் சின்ன மேடு." நிறுத்தி, அப்புறம் சொன்னார். "இவங்கதான் எங்கம்மா. அப்டின்னு முடிக்குது."

கைதட்டினார்கள். ராமலிங்கம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொடையில் தட்டிச் சிரித்த கிழவர் எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தார்.

"பரிசு வேற யாருக்கோ போச்சு போல," என்றார் முனீர் அகமது. "கீழ எழுதியிருக்கான்."

"பரவால்ல பாய். கைய தூக்குங்க, அளவு எடுத்துடறேன்."

மார்பளவை எடுத்தார். எழுதிக்கொள்ள மறந்து மறுபடி எடுத்தார்.

*

வீட்டுக்கு வந்தவர் மூட்டையை இறக்கக்கூட இல்லை. நேராகப் பின்பக்கம் போனார். ஆணியை முகர்ந்து பார்த்தார். துரு வாசனைதான் வந்தது. கொடிக் கயிற்றைப் பார்த்தார், அது ஆடியில் மாற்றிய புதுக் கயிறு. அவள் சாப்பாடு கொண்டுபோன பையை எடுத்துப் பிரித்தார். சோப்பு வாசனை. செருப்பை யாரோ எடுத்துப்போட்டுவிட்டார்கள். தலையணை உறை, பீரோவின் கீழ்த்தட்டு, பழைய துண்டு என்று ஒவ்வொன்றாக எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்றிலும் இல்லை. வீடு மணக்க மணக்கச் சுத்தமாக இருந்தது. இருபது வருஷம் அந்த வாடையை உள்ளே விடாமல் காத்த வீடு. அந்தக் காவலில் ஒரு சின்ன ஓட்டைகூட இருக்கவில்லை.

குழாயடியில் குந்தி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துவிட்டு மூடினார்.

சனிக்கிழமை முனீர் அகமதுவின் ஜிப்பாக்கள் தயாராகிவிட்டன. வண்டியை எடுக்காமல் பஸ்ஸில் போய்க் கொடுத்தார். திரும்புகிறபோது பஸ் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. சம்பூர்ணம் வேலை செய்த ஷாப்புக்கு எதிர் ஸ்டாப்பில் போய் நின்றார். மழை பிடித்திருந்தது. ஷாப் விட்டுப் பெண்கள் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடிவந்து வேறு ஊர் பஸ்ஸில் ஏறிப் போனார்கள். ஒடுகத்தூர் பஸ் வந்ததும் அவரும் ஏறினார்.

பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. ஆனால் நடுவில் ஜன்னலோரம் நீலக் கோட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் பக்கத்தில் மட்டும் இடம் காலியாக இருந்தது. சுற்றி நாலு பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள், அந்த இடத்தைப் பார்க்காத மாதிரி.

ராமலிங்கம் போய் உட்கார்ந்தார். அந்தப் பெண் சடக்கென்று சேலையை இழுத்துச் சுருட்டிக்கொண்டு ஜன்னலோடு ஒட்டினாள்.

"இன்னாண்ணா, ஊருக்குப் புதுசா? வாடை அடிக்கும், இப்பவே சொல்லிட்டேன்."

"பரவால்லம்மா."

"பரவால்லன்றவங்கதான் அடுத்த ஸ்டாப்புல எந்திரிச்சிப் போவாங்க."

"நான் மாதனூர் தாண்டி எறங்கணும்."

"பாக்கலாம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவள் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். வேலைக் களைப்பு. இரண்டு நிமிஷத்தில் தூங்கிப்போனாள்.

பஸ் நெடுஞ்சாலையில் ஏறியதும் வாடை வந்தது. முதலில் உப்பு. அப்புறம் சுண்ணாம்புமாதிரி ஒன்று. அதற்கும் அடியில், பெயர் சொல்லத் தெரியாத அந்த இன்னொன்று. சம்பூர்ணம் வேலை விட்டு வந்து சந்தில் திரும்பும்போது ஒரு நொடி, ஒரே ஒரு நொடி வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகுமே, அது. ராமலிங்கம் மூச்சை இழுத்தார். வெளியே விட மனமில்லாமல் வைத்திருந்தார்.

சட்டைப்பையில் போன் அடித்தது.

"எங்கப்பா இருக்கே? ஒரே சத்தமா இருக்குது."

"பஸ்ஸுல."

"வண்டி இன்னாச்சு?"

"வண்டி வீட்ல இருக்குது. நான்தான் பஸ்ல வர்றேன். ஷாப்பு விடற நேரத்து வண்டி. ஒடுகத்தூர் பஸ்ஸு."

வைத்துவிட்டாளோ என்று போனை எடுத்துப் பார்த்தார். வைக்கவில்லை.

"ஒக்கார எடம் கெடச்சிதாப்பா?"

"கெடச்சிது. ரெண்டு சீட்டுல ஒண்ணு."

மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, ரொம்ப மெதுவாக, "யார் சொன்னாங்க உனக்கு?" என்றாள்.

"பாய் கேட்டுச் சொன்னாரு. கடைசி வரைக்கும்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார். "கோட்ட நான் தொவச்சிருக்கக் கூடாதும்மா."

"பட்டன் நல்லா வச்சிருந்தப்பா."

மழை பலமாக அடித்தது. நிற்பவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நிமிர்ந்தார்கள்.

"ஜன்னல் தெறந்திருக்குதா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. மழை. மூடித்தான் இருக்குது."

"வச்சிடாதப்பா."

"வைக்கல."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. அவரும் பேசவில்லை. போனுக்கு மூக்கு கிடையாது என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் அதைக் காதிலிருந்து இறக்கி, தனக்கும் தூங்குகிற அந்தப் பெண்ணுக்கும் நடுவில், சீட்டுமேல் பிடித்தபடி வைத்துக்கொண்டார். மாதனூரில் பாதிக் கூட்டம் இறங்கியது. முன்னால் இடம் இருக்கிறது, வாங்க என்று கண்டக்டர் கூப்பிட்டார். ராமலிங்கம் தலையை ஆட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.